தப்பு விடை எழுதத் தெரிந்தவர்

அத்தியாயம் 11

"நான் போகட்டுமா, வேணாமா? நீ சொல்லு வசந்தா."

"இதுல நான் சொல்ல இன்னாங்க இருக்கு? எல்லாரும் போறாங்க. போய்ட்டு வாங்க."

"எல்லாரும் போறாங்க, அது தெரியுது. நீ இன்னா சொல்றன்னு கேட்டேன்."

"அதான் சொல்லிட்டேனே!"

போன ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் நடந்த பேச்சு அது. பலராமன் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். திருப்புளியைப் பல்லில் கடித்தபடி வேலை பார்ப்பது அவன் பழக்கம். கேள்வி கேட்பதற்காக அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த வசந்தா தலையை நிமிர்த்தவே இல்லை. பதில் வந்ததும் அவன் திருப்புளியை மறுபடியும் பல்லில் கடித்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லை.

சம்மதம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

இந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை காலையில், தேர்வு அறையில் வரிசை வரிசையாக வினாத்தாள் கொடுத்துக்கொண்டு வரும்போது, அந்த விசிறியும் திருப்புளியும் ஏன் நினைவுக்கு வந்தன என்று அவளுக்கே புரியவில்லை.

மூன்றாவது வரிசையில் பலராமன் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய் கொஞ்சம் அதிகம்.

"தேங்க் யூ, மேடம்" என்று எழுந்து நின்று தாளை வாங்கிக்கொண்டான்.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கட்டின பெண்டாட்டியை மேடம் என்கிறானே என்று அந்தப் பையன்களுக்கு வேடிக்கை. வசந்தா முறைத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

மில் மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த பலராமன் இப்போது சேதராப்பட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு பஸ் பிடித்துப் போய்வருகிறான். அங்கே அவனுக்குத் தெரிந்த வேலையில் கால்வாசிக்குக்கூட இடமில்லை. இந்த நேரத்தில்தான் மஸ்கட் வேலை வந்தது. ஓர் இங்கிலீஷ் கம்பெனி பராமரிக்கும் ஆஸ்பத்திரியில் இரண்டு வருட மின்சார வேலை. கைத்தொழிலில் அவனை மெட்ராஸிலேயே சோதித்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது இங்கிலீஷ்.

அந்தத் தேர்வை நடத்தும் பொறுப்பு மிஷன் வீதி மாடியில் இருந்த ஆலேன் சாரின் பயிற்சி நிலையத்துக்குக் கிடைத்தது. வசந்தா அங்கேதான் ஆறு வருடமாக டீச்சர். இலக்கணம், வாசிப்பு, இங்கிலீஷ்காரர்களின் வாழ்க்கை முறை என்று மூன்று பகுதி. மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். பலராமன் முதல் தடவை வாசிப்பில் தோற்றுப்போனான். இரண்டாம் தடவை வாழ்க்கை முறையில். கம்பெனி அவனுக்குக் கொடுத்த கடைசி வாய்ப்பு இன்றைக்கு.

இந்த முறை தேறிவிடுவான். வசந்தாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆடியிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: அவனும் அவளும் இங்கிலீஷில் மட்டும்தான் பேச வேண்டும். சோறு வேண்டுமா, குழம்பு போதுமா, பஸ் லேட்டா, எல்லாம் இங்கிலீஷில். ஆரம்பத்தில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ஜன்னலோரம் வந்து நின்று கேட்டார்கள். அப்புறம் அவர்களுக்கும் அலுத்துவிட்டது. ஏழு வயது தேன்மொழிக்கு மட்டும் அலுக்கவில்லை. "அப்பா தப்பு! அப்பா தப்பு!" என்று கை தட்டுவாள், வீட்டில் விருந்தாளிகள் இருந்தாலும்.

நேற்று சாயங்காலம்கூட, வாழ்க்கை முறைக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். டீக்குக் கூப்பிட்டால் எத்தனை மணிக்குப் போக வேண்டும், மேலதிகாரி வீட்டில் எதைப் பற்றிப் பேசக்கூடாது, வரிசையில் முன்னால் நிற்பவரைத் தாண்டலாமா. எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னான். நடுவில் அவனுக்கே ஒரு உற்சாகம் வந்து, "வரிசையப் பத்தி ஒரு கேள்வியா? நம்ம மண்ணெண்ணெய்க் கடைக்கு வரச் சொல்லு அந்தத் தொரைய" என்றான்.

"இன் இங்கிலீஷ், ப்ளீஸ்" என்றாள் அவள்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தான். "நத்திங்" என்றான்.

பதினொரு மணிக்குத் தாள்களைக் கட்டி உள் அறைக்கு எடுத்துப் போனார்கள். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வாழ்க்கை முறைப் பகுதியைத் திருத்துவது சுலபம். இருபத்தைந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை, ஒன்றில் டிக் போட வேண்டும். சரியான விடை வரும் இடத்தில் மட்டும் ஓட்டை வெட்டிய அட்டை ஒன்று உண்டு. தாளின் மேல் அதை வைத்தால், ஓட்டைகளில் தெரியும் டிக்குகளை எண்ணிப் போட்டுவிடலாம். கீரை ஆய்வது போல, பேசிக்கொண்டே செய்கிற வேலை.

கூட வேலை பார்க்கும் டீச்சர் ஜொசியானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து திருத்தினார்கள். ஜொசியான் தன் தம்பிக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பொண்ணுக்கு இவனைப் பிடிக்கலைடி. பிரெஞ்சு பாஸ்போர்ட்டைத்தான் பிடிச்சிருக்கு. அதையே கட்டிக்கோம்மான்னு எங்கம்மா சொல்லிட்டு வந்துட்டாங்க."

வசந்தா சிரித்துக்கொண்டே அடுத்த தாளின் மேல் அட்டையை வைத்தாள்.

ஓர் ஓட்டையிலும் டிக் இல்லை.

அட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். எடுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஓரங்களை ஒட்டி, மறுபடி வைத்தாள். இருபத்தைந்து ஓட்டைகள். இருபத்தைந்திலும் வெள்ளைத் தாள் மட்டும் தெரிந்தது.

"இன்னாடி, அப்படியே உக்காந்துட்ட?" ஜொசியான் எட்டிப் பார்த்தாள். "மோன் தியே, கடவுளே! யாரு இந்த மகராசன்? கண்ணைக் கட்டிக்கிட்டு டிக் போட்டாக்கூட ஏழெட்டு சரியா வந்துடுமே. அத்தனையும் தப்பாப் போடணும்னா அத்தனையும் தெரிஞ்சிருக்கணும்!"

விளையாட்டாகச் சொன்னாள். சொன்ன பிறகு அவள் முகமும் மாறியது.

வசந்தா அட்டையை எடுத்தாள். அந்த டிக்கை அவளுக்குத் தெரியும். கீழ்க்கோடு குட்டையாக, மேல்கோடு நீளமாக, நுனியில் ஒரு வளைவோடு. மளிகைச் சீட்டில் வாங்கிவிட்ட சாமானுக்கு எதிரே அவன் போடுகிற டிக். எண்ணைப் பார்க்கவே தேவையில்லை.

அவன் எழுதிய மற்ற இரண்டு பகுதிகளையும் தேடி எடுத்தாள். இலக்கணம் அருமை. வாசிப்பு, இன்றைக்கு எழுதியவர்களிலேயே முதல்.

ஆலேன் சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டில் பிரெஞ்சு, கோவிலில் தமிழ், பிழைப்புக்கு இங்கிலீஷ் என்று அவரே தன்னைக் கேலி செய்துகொள்வார். இன்றைக்குக் கேலி வரவில்லை.

"மதாம், இதைத் திருத்தினது நீங்க. நீங்களே சொல்லுங்க. தெரியாதவர் எழுதினதா இது?"

"இல்ல சார்."

"போன தடவை பாதிதான் தப்பு. எனக்கு அப்பவே கொஞ்சம் இடிச்சது. புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

வசந்தா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "வேற வினாத்தாள் இருக்கு இல்ல சார்?"

"இருக்கு. கம்பெனி ஆளு ஆறு மணிக்கு லிஸ்ட்டை வாங்கிட்டு மெட்ராஸ் கெளம்பறாரு. அதுக்குள்ள அவரு வந்து இந்த ஒரு பகுதிய எழுதினா, நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். எழுதினா பாஸ், அது எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும்." கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "ஆனா கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க மதாம்."

முதலியார்பேட்டை வீட்டு வாசலில் அக்கா சந்திரகலாவின் செருப்பு கிடந்தது. போன வாரம் மூலக்குளத்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அக்கா. மொசைக் தரை, மொட்டை மாடி, கூடத்தில் துணி போட்டு மூடிய டூ-இன்-ஒன் ரேடியோ. அத்தான் நாலு வருடமாக துபாயில் இருக்கிறார்.

"வந்துட்டியா? பாஸாயிட்டாரா தம்பி?" அக்கா ஸ்வீட் பெட்டியோடு எழுந்து வந்தாள். "நான் கேக்கறது ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான். நீ சொல்லிக் குடுத்து யாரு ஃபெயிலாவாங்க? ஏய், எங்க பக்கத்து மனைய யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். நாம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருக்கலாம். சின்ன வயசுல சொல்லுவியே!"

"இன்னும் ரிசல்ட் வரலைக்கா. அவரு எங்க?"

"வந்தாரு, பைய எடுத்துக்கிட்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போயிட்டாரு. மீன் வாங்கணுமாம். உக்காருடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? அவரு போயிடுவாரேன்னா? முதல்ல அப்படித்தான் இருக்கும். அப்புறம் பழகிடும்." அக்கா பெட்டியின் நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள். "உங்க அத்தான் லீவுல வந்தப்ப, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கையக் கட்டிக்கிட்டு நாற்காலி நுனியில உக்காந்திருந்தாரு. தண்ணி வேணும்னாக்கூட, கொஞ்சம் கெடைக்குமான்னு கேட்டாரு. மூணாம் நாளுதான் எங்கிட்ட சரியாவே பேசினாரு. நானும் இன்னா பேசறதுன்னு தெரியாம சமையக்கட்டுலயே நின்னுட்டிருந்தேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது.

"இரு, வந்துடறேன்" என்று வசந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பெரிய மார்க்கெட் மீன்பகுதியில் வியாபாரம் ஓயும் நேரம். தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். வசந்தா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆளைப் பார்க்கும் முன்னால் குரல் கேட்டது. சட்டென்று அது யார் குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு சத்தமாக, அவ்வளவு வேகமாக அவன் பேசிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது.

"டீக்குக் கூப்பிட்டா டீதான் ஆயம்மா. சோறு கெடையாது. அஞ்சு மணின்னா அஞ்சுக்குத்தான் போவணும்."

"நாலரைக்கே போயிட்டா?" மீன்காரி ஆயம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வாசல்ல நின்னுக்கிட்டு ரோட்டைப் பாக்கணும்."

"அடப் பாவமே! மழை வந்துட்டா?"

"அதுக்குத்தான் எல்லாத் தொரையும் கையில கொடை வச்சிருக்கான்."

சுற்றியிருந்த கூடைக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். பலராமன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே அவர்களோடு சேர்ந்து சிரித்தான். காலையில் அவன் தப்பாக டிக் போட்ட முதல் கேள்வியே இந்த டீக் கேள்விதான்.

வசந்தா அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது:

"வாட் ஆர் யூ டூயிங் ஹியர்?"

அவன் விருட்டென்று எழுந்தான். "ஐ ஆம் பையிங் ஃபிஷ்."

"இன்னாம்மா இது!" ஆயம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "கட்டின புருஷன்கிட்டத் தொரசானி மாதிரி கேக்குற? எம்மாம் நேரமா எப்பேர்ப்பட்ட பேச்சு பேசிட்டிருந்தாரு. உன்னப் பாத்ததும் பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் ஆயிட்டாரே!"

மறுபடி சிரிப்பு. பலராமன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் இருந்த கலகலப்பு போன இடம் தெரியவில்லை. அது போவதை வசந்தா இவ்வளவு கிட்டத்திலிருந்து பார்த்தாள். எட்டு மாதமாக அது தினமும் அவள் வீட்டில், அவள் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது.

மீனை வாங்கிக்கொண்டு இருவரும் மணிக்கூண்டுப் பக்கம் வந்தார்கள். பூக்கடைகள் பாதி மூடியிருந்தன. ஒரு தூணின் நிழலில் அவள் நின்றாள். அவனும் நின்றான்.

"தமிழ்லயே பேசலாம்" என்றாள்.

"சட்டம்?"

"போகட்டும்." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உங்க தாளைத் திருத்தினேன். ஒண்ணுகூட சரியில்ல."

"ஃபெயிலா?" என்று கேட்டான். வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தான்.

"கண்ணை மூடிக்கிட்டு டிக் போட்டிருந்தாக்கூட ஏழெட்டு சரியா வந்திருக்குங்க."

அவன் யோசித்தான். மில்லில் எங்கோ ஒயர் விட்டுப்போனதைத் தேடுகிறவன் போல நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "அடச்சே" என்றான் மெதுவாக. "அங்கங்க நாலு சரியாப் போட்டிருக்கணும் இல்ல?"

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் முந்திக்கொண்டது. "அக்கா மனை பேசி வச்சுக்கிட்டு ஸ்வீட்டோட வீட்டுல உக்காந்திருக்கா. ஆலேன் சார் முன்னாடி நான் தலை குனிஞ்சு நின்னேன். எதுக்கு இந்தக் கூத்து? வேணாம்னா வாயத் தொறந்து வேணாம்னு சொல்றதுக்கு இன்னா?"

"எந்த பாஷைல சொல்றது?"

அவள் சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"குத்திக் காட்டல வசந்தா. நெசமாவே தெரியாமத்தான் கேக்கறேன். லீவு கேக்க, சாவி கேக்க, மன்னிப்புக் கேக்க, எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்த. ராத்திரி படுத்துக்கிட்டு, இதை எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை வார்த்தையா கோத்துப் பாப்பேன். காலைல சொல்லலாம்னு வாயத் தொறந்தா, எங்க தப்பு வரும்னு புள்ள கையத் தூக்கிக்கிட்டு நிக்கும். விட்டுடுவேன்."

நேற்றுச் சாயங்காலம் அவன் சொன்ன "நத்திங்" இப்போதுதான் அவள் காதில் விழுந்தது போல இருந்தது.

"ரெண்டு வருஷம்தானேங்க" என்றாள். அவளுக்கே அது பலமாகப் படவில்லை.

"எங்கப்பாவும் ரெண்டு வருஷம்னுதான் சைகோனுக்குப் போனாரு. ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக் குமாஸ்தா வேலைக்கு." அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான். "ஒம்போது வருஷம் கழிச்சு வந்தாரு. வாசல்ல நின்ன ஆளைப் பாத்து, 'அம்மா, யாரோ வந்திருக்காங்க'ன்னு உள்ள கத்தினேன். அந்த 'யாரோ'வக் கேட்டுட்டு அவரு செருப்பைக்கூடக் கழட்டல. அப்படியே நின்னாரு. அப்புறம் பத்து வருஷம் எங்களோடதான் இருந்து செத்தாரு. ஆனா அந்த வாசல்லேருந்து அவரு உள்ள வரவே இல்லன்னுதான் எனக்குத் தோணும். அதனாலதான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எல்லாரும் எழுதிக் குடுத்தப்ப எங்கம்மா குடுக்கல. ஒருத்தர எடுத்துக்கிட்டது போதும்னுட்டாங்க."

கல்யாணமாகிப் பத்து வருடம். மாமனார் சைகோனில் இருந்தவர் என்பது வசந்தாவுக்குத் தெரியும். பெருமையாகவே பலரிடம் சொல்லியிருக்கிறாள். இதை அவன் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

"முதல் தடவை நெசமாவே ஃபெயிலானேன்" என்றான். "அன்னிக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அப்புறம்தான் இந்த புத்தி வந்துச்சு."

மேலே மணி மூன்று அடித்தது. புறாக்கள் கலைந்து மறுபடி உட்கார்ந்தன.

மறைக்கக் கூடாது என்று நினைத்தாள். மறைத்தால் அதுவும் ஒரு தப்பு விடைதான். "ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்குங்க. வேற வினாத்தாள் இருக்காம், ஆலேன் சார் சொன்னாரு. அந்த ஒரு பகுதி மட்டும் எழுதினா போதும். நான் வாங்கன்னு சொல்லல. இருக்குன்னு சொல்றேன்."

அவன் தரையைப் பார்த்தான். பையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ வரச் சொன்னா வரேன்" என்றான். "சத்தியமா இந்த வாட்டி ஒழுங்கா எழுதறேன். அக்காகிட்ட நீ தலை குனிய வேணாம்."

"இல்ல, நான்..."

"இரு, நான் சொல்லிடறேன். விட்டா மறுபடி சொல்ல மாட்டேன்." அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அன்னிக்கு ஃபேனைக் கழட்டிப் போட்டுக்கிட்டு, போகட்டுமா வேணாமான்னு உங்கிட்ட கேட்டேன் பாரு, அது நான் கேக்க நெனச்சதே இல்ல. ஆம்பள இதைப் போய் எப்படிக் கேக்கறதுன்னு அதை மாத்திக் கேட்டேன். ஃபெயிலானா நின்னுடலாம்னு பாத்தேன். ஆனா அதுவும் வேணாம். நாளைக்கு நம்ம புள்ளகிட்ட யாராவது கேட்டா, எங்கப்பா பரீட்சைல தோத்து ஊரோட நின்னுட்டாருன்னா சொல்லும்? போக முடியாம நின்னவனா இருக்க எனக்குப் பிடிக்கல."

அவன் குரல் இறங்கியது. பூக்காரி ஒருத்தி கூடையோடு அவர்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தான்.

"நீ என்னை இருன்னு சொல்லு வசந்தா. நீ சொல்லி நான் இருந்தேன்னு இருக்கட்டும்."